தூண் வரிசைத் தெருக்கள்: பேரரசர் வரைந்த திட்டமா, ஊரார் சேர்த்துக் கட்டியதா?

தெற்குவாசல்:

அனைவருக்கும் வணக்கம். உரோமானிய நகரமைப்பைப் பற்றிய பொது நூல்கள் பெரும்பாலும் ஒரே காட்சியைத்தான் நம் முன் வைக்கின்றன. நில அளவையாளர் வடக்கு தெற்காகக் கார்டோ என்ற தெருவையும் கிழக்கு மேற்காக டெக்குமானுஸ் என்ற தெருவையும் இழுப்பார். பேரரசின் ஆணை வந்ததும் அவற்றின் இருமருங்கிலும் தூண்கள் எழும்பும். ஊர் உரோமின் சிறு நகலாகிவிடும் என்பது அந்தக் காட்சி.

இது எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் என்று இடைவிடாமல் இருபுறமும் தூண்கள் நிற்கும் இத்தகைய தெரு உரோம் நகரிலேயே கிடையாது. 64ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பிறகு, அடுக்கு வீடுகளின் முன்னால் தாழ்வாரம் அமைக்கும்படி நீரோ செய்தார் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தாழ்வாரங்களின் மேல்தளத்தில் ஏறி நின்று தீயை அணைக்கலாம் என்பதே அதன் நோக்கம். காற்றின் திசையைப் பார்த்துத் தெருக்களை எப்படித் திருப்ப வேண்டும் என்று விரித்துச் சொல்லும் உரோமானியக் கட்டடக்கலை நூலாசிரியர் விட்ருவியுஸ், தூண் வரிசைத் தெருவைப் பற்றி வாயே திறக்கவில்லை. இவை மிகுதியாகக் கிடைப்பதோ உரோமின் கிழக்கு மாகாணங்களாக இருந்த இன்றைய சிரியா, யோர்தான், துருக்கி ஆகியவற்றின் நிலத்தில். லிபியாவின் லெப்டிஸ் மாக்னாவில் இருப்பது, அங்கே பிறந்து பேரரசரான செப்டிமியுஸ் செவெருஸ் காலத்தது. அதாவது கிழக்கே இந்த வழக்கம் நன்கு வேரூன்றிய பிறகு வந்தது.

அப்படியானால் இந்தத் தெருக்களை உண்மையில் கட்டியவர்கள் யார், எதற்காகக் கட்டினார்கள் என்பதே என் கேள்வி. துறை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வரைபலகை:

கட்டடக் கலைஞன் என்ற முறையில் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். சிரியாவின் அபாமேயாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெருந்தெருவின் நீளம் ஏறத்தாழ 2 கி.மீ.; இருபுறத் தாழ்வாரங்களையும் சேர்த்தால் அகலம் 37 மீட்டருக்கு மேல்; அதில் வண்டிப் பாதை மட்டும் ஏறத்தாழ 20 மீட்டர். இத்தனை அகலத்தை, ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, ஓர் அடிகூட விலகாமல் காலியாக வைத்திருக்க வேண்டுமானால் அதற்கு முன்னதாகவே ஒரு முடிவும், அந்த முடிவை நிறைவேற்றும் அதிகாரமும் இருந்தாக வேண்டும். அவரவர் வசதிக்கு ஆளுக்கொரு தூண் நட்டிருந்தால் இந்த நேர்கோடு வந்திருக்காது.

அபாமேயாவுக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தது ஒரு பேரழிவு. 115ஆம் ஆண்டு டிசம்பரில் சிரிய மாகாணத்தின் தலைநகரான அந்தியோக்கியாவை மையமாகக் கொண்டு எழுந்த நிலநடுக்கம் அபாமேயாவையும் தரைமட்டமாக்கியது. குளிர்காலத்தைக் கழிக்க அந்தியோக்கியாவில் தங்கியிருந்த பேரரசர் திராயானே சன்னல் வழியாக வெளியேறித்தான் உயிர் தப்பினார். இடிபாடுகளை அகற்றிய பிறகு, அபாமேயாவின் வடக்கு வாசல் பக்கத்திலிருந்து தெரு புதிதாக எழுந்தது.

கல்வெட்டு வாசகர்:

வரைபலகை அவர்கள் சொல்லும் அகலத்தை நான் மறுக்கவில்லை. நேர்கோட்டை ஊரவை காத்திருக்கலாம். ஆனால் அபாமேயாவிலேயே தெருவின் எல்லாத் தூண்களும் ஒன்றுபோல் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வடபகுதி முந்தியது. நடுப்பகுதிக்கு வரும்போது முறுக்கிய கயிற்றைப் போலச் சுருள்வரி ஓடும் தூண்கள் நிற்கின்றன; அவை பிந்தியவை. தெரு முடிய ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. ஒரே கையால் ஒரே மூச்சில் வந்தது அல்ல.

சிரியப் பாலைவனத்தின் வணிக நகரான பால்மிராவில் இது இன்னும் தெளிவு. அங்கே பெருந்தூண் வரிசை 1 கி.மீ.க்கும் சற்று அதிக நீளம். ஆனால் அது ஒரே கோட்டில் போகவில்லை. வெவ்வேறு காலங்களில் எழுந்த துண்டுகள் வெவ்வேறு கோணங்களில் சந்திக்கின்றன. பேல் என்ற தெய்வத்தின் கோயிலை நோக்கித் தெரு திரும்ப வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 30 பாகைத் திருப்பம் இருக்கிறது. அந்தத் திருப்பத்தை மறைப்பதற்காகவே அங்கு நினைவு வளைவு வாயில் ஒன்றைக் கட்டினார்கள். அதன் அடித்தளம் சதுரமாக இல்லாமல் ஆப்பு வடிவில் இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தாலும் மறுபக்கத்திலிருந்து பார்த்தாலும் வாயில் தெருவுக்கு நேராகவே நிற்பதாகத் தோன்றும். முதலிலேயே முழுத்திட்டம் ஒன்று இருந்திருந்தால் இந்த உத்திக்குத் தேவை என்ன? அந்த வாயில் 2015 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தூண்களே சான்று. பால்மிராவின் தூண்களில், பாதி உயரத்துக்கு மேலே, சிறு தாங்குகல் ஒன்று தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் வெண்கலச் சிலை நின்றது. கீழே அந்தச் சிலைக்குரியவர் யார், எதற்காக நிறுத்தப்பட்டார் என்று கிரேக்கத்திலும் பால்மிர அரமேயத்திலும் பொறித்திருப்பார்கள். வணிகக் கூட்டத்தைப் பாலைவனத்தின் வழியே பத்திரமாக அழைத்து வந்தவர்களுக்கும் ஊருக்குச் செலவழித்தவர்களுக்கும் கிடைத்த மரியாதை அது. 271இல் சப்தா, சப்பை என்ற இரு படைத்தலைவர்கள் அரசி செனோபியாவுக்கும் மறைந்த அவருடைய கணவர் ஓடேநாத்துஸுக்கும் சிலைகள் வைத்த கல்வெட்டும் இந்தத் தூண்களில்தான் இருக்கிறது. மறு ஆண்டே உரோமானியப் பேரரசர் ஔரேலியான் ஊரைப் பிடித்துவிட்டார். சிலைகளில் ஒன்றுகூட இன்று அதன் இடத்தில் இல்லை; தாங்குகற்கள் மட்டும் வெறுமையாக நீட்டிக்கொண்டிருக்கின்றன.

உலைக்களம்:

இந்த விவாதத்துக்கு மிகவும் பொருத்தமான சாட்சி ஒருவர் இருக்கிறார். அவரைக் கூப்பிடாமல் பேசுவது முறையாகாது. இன்று துருக்கியில் பூர்சா எனப்படும் புரூசாவின் சொற்பொழிவாளர் தியோன் கிறிசோஸ்தோம்தான் அவர்; திராயான் காலத்தவர். சொந்த ஊருக்குத் தூண் தாழ்வாரம் கட்ட முற்பட்டு, சொந்த ஊராராலேயே வறுத்தெடுக்கப்பட்ட மனிதர். அவர் ஊரவையில் ஆற்றிய உரைகள் நமக்குக் கிடைத்திருப்பதால், ஒரு தாழ்வாரம் எழும்போது ஊருக்குள் என்ன நடந்தது என்பதை உள்ளிருந்து கேட்க முடிகிறது.

திட்டம் ஊரவைக்கு வந்தது. ஆளுநர் முன்னிலையில் படிக்கப்பட்டது. அப்போது எவரும் எதிர்க்கவில்லை. அளவெடுக்கும் வேலை தொடங்கி, பழைய கட்டடங்கள் இடிபடத் தொடங்கியதும்தான் கூச்சல் எழுந்தது. ஊரையே இடிக்கிறார், மக்களை விரட்டுகிறார் என்று பேச்சு பரவியது. இன்னாருடைய கொல்லன் பட்டறை போய்விட்டதே என்று சிலர் வாய்விட்டுப் புலம்பினார்களாம். தியோன் கொதித்துப்போய்க் கேட்கிறார்: ஏதென்ஸின் பார்த்தெனோன் இடிபட்டது போலவும், சாமோஸ் தீவின் ஹீராக் கோயில் இடிபட்டது போலவும் அல்லவா அழுகிறீர்கள்? அந்தக் கட்டடங்களின் நிலையையும் அவரே விவரிக்கிறார். ஆட்டுக்கொட்டிலைவிடத் தாழ்ந்தவை; உள்ளே வேலை செய்பவர் நிமிர்ந்து நிற்க முடியாது; சம்மட்டி விழும் ஒவ்வோர் அடிக்கும் சுவர் ஆடும்.

தியோனின் சினம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பட்டறையை இழந்த கொல்லரின் பக்கம் ஒரு சொல்கூட நமக்கு எஞ்சவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. கட்டியவர் பேச்சு ஏட்டில் நின்றது. இடம்பெயர்ந்தவர் பேச்சு காற்றோடு போயிற்று.

தெற்குவாசல் அவர்களின் கேள்விக்கு விடையும் இந்த உரைகளிலேயே கிடைக்கிறது. தம் ஊரார் முன் தியோன் பேரரசரின் ஆணையைக் காட்டவில்லை. பக்கத்து ஊர்களைக் காட்டுகிறார். அந்தியோக்கியாவைப் பாருங்கள், 36 ஸ்தாதிய (ஏறத்தாழ ஆறரைக் கிலோமீட்டர்) நீளமுள்ள அந்த ஊரில் இருபுறமும் தாழ்வாரம் எழுப்பியிருக்கிறார்களே என்கிறார், தார்சுஸைச் சொல்கிறார், நிக்கோமேதியாவில் வழிக்குக் குறுக்கே இருந்த கல்லறைகளையே இடம் மாற்ற ஊரவை தீர்மானித்ததைச் சொல்கிறார். ஊருக்கும் ஊருக்கும் இருந்த போட்டிதான் இங்கே உந்துவிசை. பின்னர் அவருடைய கட்டுமானக் கணக்கைப் பற்றிய வழக்கு ஆளுநர் இளைய பிளினியிடம் போனது. பிளினி பேரரசர் திராயானுக்கு எழுதினார். தியோன் கணக்கைக் காட்டட்டும், அவர்மீது சாட்டிய இராசத்துரோகக் குற்றத்தை விட்டுவிடுங்கள் என்று பதில் வந்தது. பேரரசர் இந்தக் கதைக்குள் நுழைவது அந்த இடத்தில்தான், அதுவும் தணிக்கையாளராக.

பாவுகல்:

உலைக்களம் அவர்களின் பதிவு அருமை. யோர்தானின் ஜெராஷ் நகரில் இரண்டு நாள் நடந்தவன் என்ற முறையில், அங்கே கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

பழைய பெயர் கெராசா. நீள்வட்ட முற்றத்திலிருந்து வடக்கே போகும் பெருந்தெரு ஏறத்தாழ 800 மீட்டர். பாவுகற்கள் தெருவுக்குக் குறுக்காகவோ நெடுக்காகவோ இல்லாமல் மூலைவாட்டில் பதிக்கப்பட்டிருக்கின்றன. சக்கரம் கற்களின் இணைப்புக் கோட்டில் நெடுகிலும் ஓடினால் கல் பெயரும்; மூலைவாட்டில் போட்டால் சக்கரம் இணைப்பைச் சட்டென்று கடந்துவிடும் என்று உடன்வந்த மூத்தவர் விளக்கினார். அப்படியும் கல்லில் தடம் விழாமல் இல்லை. ஒரு தடத்துக்குள் என் கையை வைத்துப் பார்த்தேன். விரல்கள் உள்ளே அடங்கின. தெருவின் அடியில் கழிவுநீர் வாய்க்கால் ஓடுகிறது. அதற்கு இறங்கும் வட்டக் கல்மூடிகள் இன்னும் அதனதன் இடத்தில் இருக்கின்றன.

ஆனால் என்னை அசையவிடாமல் நிறுத்தியது வேறொன்று. தூண்களின் உயரம் ஒன்றாக இல்லை. சந்தைக் கட்டடத்துக்கு முன்னால் வரும்போது தூண்கள் திடீரென்று உயர்கின்றன. அப்போது பக்கத்துக் குட்டைத் தூண்களின் மேல் வரும் உத்திரக் கல் எதன் மேல் உட்காரும்? உயர்ந்த தூணின் தலையில் உட்கார வழியில்லை. அதனால் உயர்ந்த தூணின் உடலிலேயே ஒரு தாங்குகல்லை விட்டு, அதன் மேல் உத்திரத்தின் முனையை வந்து சேர்த்திருக்கிறார்கள். அந்த ஒரு மூட்டைப் பார்த்தால் போதும். அடுத்தடுத்து நின்ற இரண்டு வேலைகள் எப்படி ஒன்றுக்கொன்று இடங்கொடுத்தன என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. அங்கே தெரு முதலில் குறுகலாக, தலையில் சுருள் வடிவம் கொண்ட அயோனியத் தூண்களுடன் இருந்தது. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதை அகலப்படுத்தி, தலையில் இலை வேலைப்பாடு கொண்ட உயரமான கொரிந்தியத் தூண்களை நிறுத்தினார்கள். ஆர்ட்டெமிஸ் கோயிலைத் தாண்டி வடக்கே போனால், மாற்றப்படாத பழைய அயோனியத் தூண்கள் தென்படுகின்றன. வடபகுதிக்கு அந்த வேலை போய்ச் சேரவே இல்லை.

நேர்த்தெருவு:

பெயரைப் பற்றி ஒரு குறிப்பு. கார்டோ, டெக்குமானுஸ் என்பவை நில அளவையாளர்களின் சொற்கள். கிழக்கு நகரங்களின் மக்கள் தம் பெருந்தெருவை அப்படி அழைக்கவில்லை. அகலத் தெருவைக் கிரேக்கத்தில் பிளத்தேயா என்றார்கள், தாழ்வாரத்தை ஸ்தோவா என்றார்கள். துருக்கியின் மேற்கே உள்ள எபேசுஸில் இன்று குரேத்தர் தெரு எனப்படுவதற்கு எம்போலோஸ் என்று பெயர். எருசலேமில் கார்டோ என்ற பெயரே இக்கால ஆய்வாளர் இட்டது. அங்கே 1970களில் தோண்டி எடுத்த தென்பகுதி 22 மீட்டருக்கும் சற்று அதிக அகலமுடையது. அது உரோமானியப் பேரரசர் ஹாத்ரியான் காலத்தது அன்று, ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் யுஸ்தினியான் காலத்தது.

தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இவற்றில் ஒரு தெரு பழக்கமானது. அப்போஸ்தலர் நடபடிகளில், பார்வையிழந்த சவுல் தங்கியிருந்த தமஸ்குத் தெருவுக்குப் பழைய மொழிபெயர்ப்பு ‘நேர்த்தெருவு’ என்று பெயர் தருகிறது. என் புனைபெயரும் அதிலிருந்து எடுத்ததே. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தெரு உரோமானியர் காலத்தில் தூண் வரிசைத் தெருவாக இருந்தது. அதன் மேற்குப் பகுதி இன்று மித்ஹத் பாஷா கடைத்தெரு.

தெற்குவாசல்:

ஒவ்வொரு பதிவும் என் எண்ணத்தைத் திருத்துகிறது. கட்டியவர் யார் என்பதற்கு விடை துலங்கத் தொடங்கிவிட்டது. எதற்காக என்பது இன்னும் பாக்கி. வெறும் பகட்டுக்காகவா?

மழைக்கால வாசகி:

அதற்கு விடை சேறுதான் என்று முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேப்புஸ் சொல்கிறார். அந்தியோக்கியாவின் பெருந்தெருவைச் சேற்றுக்கு அஞ்சி மக்கள் தவிர்த்துவந்தார்களாம். 20 ஸ்தாதிய நீளத்துக்கு, அதாவது ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டருக்கு, மெருகேற்றிய பளிங்கு பாவி, மழைக்கு ஒதுங்க அதே நீளத்தில் தாழ்வாரமும் அமைத்தவர் யூதேயாவின் மன்னர் ஏரோது என்பது அவர் தரும் செய்தி. கவனியுங்கள், அங்கேயும் பணம் கொடுத்தவர் உரோமைச் சேர்ந்தவர் அல்லர். பக்கத்து நாட்டு மன்னர்.

நான்காம் நூற்றாண்டில் அதே ஊரைச் சேர்ந்த சொற்பொழிவாளர் லிபானியுஸ் இதை ஒரு படி மேலே கொண்டுபோகிறார். தாழ்வாரம் இல்லாத ஊர்களில் மழை பிடித்துக்கொண்டால் வீடே சிறையாகிவிடும். அடுத்த வீட்டுக்காரரின் செய்தியைக்கூட வெளியூரிலிருப்பவரின் செய்தியைப் போலப் பிறர் வாயால்தான் கேட்க வேண்டும். பழக்கம் குறையும், நட்பு தேயும். எங்கள் அந்தியோக்கியாவிலோ மழை எங்கள் தலைக்கு மேலேயே நின்றுவிடுகிறது, நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறோம் என்கிறார். தூண் வரிசையை நட்பின் கருவியாகப் பார்த்த அந்தப் பார்வையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இரவும் இதில் சேரும். அந்தியோக்கியாவின் இரவு விளக்குகள் பகல் வெளிச்சத்துக்கு நிகராக இருந்தன என்று நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செல்லினுஸ் எழுதுகிறார். எபேசுஸில், துறைமுகத்திலிருந்து அரங்கு வரை ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் போகும் அர்க்காதியானே தெருவின் இரு தாழ்வாரங்களிலும், காட்டுப்பன்றிச் சிலை வரைக்கும், 50 விளக்குகள் எரிந்ததைக் கல்வெட்டே சொல்கிறது.

அந்தியோக்கியாவின் அந்தத் தெரு துருக்கியில் இன்றைய அந்தாக்கியாவின் குர்துலுஷ் சாலைக்கு அடியில் கிடக்கிறது. 2023 பிப்ரவரி நிலநடுக்கம் அந்த ஊரை மறுபடியும் நொறுக்கியது. 115ஐப் பற்றி வரைபலகை அவர்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தப் படங்கள்தான் நினைவுக்கு வந்தன.

உலைக்களம்:

மழைக்கும் வெயிலுக்கும் கூரை என்பதை ஏற்கிறேன். அந்தக் கூரைக்குப் பின்னால் இருந்தவை கடைகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாழ்வாரத்தின் உட்சுவரை ஒட்டி அறை அறையாகக் கடைகள். அவை போதாமல் தூண்களுக்கு இடையிலும் பலகைக் கடைகள் முளைத்தன. இதைப் பின்னாள் சீரழிவு என்று எழுதுகிறவர்களிடம் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு.

பேரரசர் செனோன் (474–491) கான்ஸ்தாந்திநோபிளுக்கு விதித்த சட்டத்தைப் படித்தால் நிலைமை புரியும். மிலியோன் எனப்படும் தூர அளவுக் கல் மண்டபத்திலிருந்து கபிடோல் என்ற பொதுக் கட்டடம் வரையுள்ள தாழ்வாரங்களில், தூண்களுக்கு இடையே எழும் கடைகள் 6 அடி அகலத்துக்கும் 7 அடி உயரத்துக்கும் மேற்படக் கூடாது. தெருவைப் பார்க்கும் பக்கம் பளிங்கால் அழகு செய்யப்பட வேண்டும். நான்கு தூண்களுக்கு ஒருமுறை தெருவுக்குப் போக வழி விட வேண்டும். கடைகளை அகற்று என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அளவு சொல்கிறது, அழகாக்கச் சொல்கிறது, நடப்பவருக்கு வழி விடச் சொல்கிறது. ஆக்கிரமிப்பு என்று நாம் முகம் சுளிப்பதை அந்த அரசு ஊரின் உறுப்பாகவே ஏற்றுக்கொண்டுவிட்டது.

வரைபலகை:

அந்தச் சட்டம் என் தரப்புக்கும் வலுச் சேர்க்கிறது என்பேன். அளவு விதிப்பதும் திட்டமே. ஆனால் அது தெரு எழுந்த பிறகு, அன்றாடம் காக்கப்பட வேண்டிய திட்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஜெராஷின் அந்த உத்திர மூட்டைப் பற்றிப் படித்த பிறகு, ஒரே வரைபடத்திலிருந்து எல்லாம் பிறந்தது என்று வாதாட எனக்கு மனமில்லை.

பழந்தெரு கடைத்தெருவாக மாறியதற்குப் போக்குவரத்துக் காரணமும் ஒன்று உண்டு. வண்டிகள் குறைந்து, சுமையை ஒட்டகமும் கழுதையும் சுமக்கத் தொடங்கியபோது 20 மீட்டர் அகலப் பாதை யாருக்கும் தேவைப்படவில்லை. சிரியாவின் லத்தாக்கியாவையும் அலெப்போவையும் 1930களிலும் 40களிலும் ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ழான் சொவாழே, ஓர் அகலத் தெருவுக்குள் கடை வரிசைகள் புகுந்து அது இணையாக ஓடும் பல சந்துகளாகப் பிரிந்ததை வரைபடத்தில் காட்டினார். ஆனால் அவர் அதை ஒழுங்கின் சிதைவாகப் பார்த்தார். அங்கேதான் உலைக்களம் அவர்களோடு நான் சேர்ந்துகொள்கிறேன். இன்றைய இஸ்ரேலில் உள்ள, பழைய ஸ்கித்தோபோலிஸான பைசானில் எட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் கலீபா ஹிஷாம் புதிய கடைத்தெருவையே கட்டி, அதன் முகப்பில் கண்ணாடிச் சில்லுகளால் கல்வெட்டும் பதித்தார். 749இன் நிலநடுக்கம் அதைச் சாய்க்கும் வரை வணிகம் நடந்தது. கைவிடப்பட்ட ஊரில் எவரும் கண்ணாடி பதிப்பதில்லை.

பயன்பாட்டுக்கும் அழகுக்கும் நடுவே கோடு போட முடியாது என்பதற்குத் துருக்கியின் தென்கரைப் பக்கம் உள்ள பெர்கேயையும் சொல்லியாக வேண்டும். அங்கே மலையடியில் உள்ள நீரூற்று மண்டபத்தில், கெஸ்த்ரோஸ் ஆற்றுத் தெய்வத்தின் படுத்த சிலைக்குக் கீழிருந்து நீர் இறங்கி, பெருந்தெருவின் நட்ட நடுவே கல் வாய்க்காலில் ஓடும். வாய்க்காலில் இடையிடையே குறுக்குச் சுவர்கள் உண்டு. நீர் ஒவ்வொன்றையும் தாண்டி விழுந்து போகும். கோடையில் அந்தத் தெருவில் நடந்தவர்களுக்கு அது எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும்!

கல்வெட்டு வாசகர்:

பால்மிராவில் நடுப்பாதைக்குக் கல் பாவவே இல்லை என்பதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். ஒட்டகத்தின் பாதம் மெத்தென்றது. வழவழப்பான கல்லில் சறுக்கும். மண்ணாகவே விட்டதற்கு அது காரணமாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள்.

யோர்தானின் மாதபா ஊரிலுள்ள தரை ஓவியத்தையும் எவரேனும் பார்த்திருப்பீர்கள். ஆறாம் நூற்றாண்டில் வண்ணக் கற்களால் பதித்த அந்த வரைபடத்தில் எருசலேமின் நடுவே இரண்டு தூண் வரிசைகள் ஓடுகின்றன. தெருவின் நடுவில் நின்று இருபுறமும் பார்ப்பவரின் கண்ணுக்கேற்ப ஒரு வரிசை நிமிர்ந்தும் மற்றது தலைகீழாகவும் வரையப்பட்டிருக்கிறது. வடக்கு வாசலுக்கு உள்ளே தனித்தூண் ஒன்று. அந்தத் தூண் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. தமஸ்கு வாசல் என்று மற்றவர்கள் சொல்லும் அந்த வாசலை அரபு மக்கள் இன்றும் பாப் அல் அமூத், தூண் வாசல், என்றே அழைக்கிறார்கள்.

தெற்குவாசல்:

அனைவருக்கும் நன்றி. நேர்த்தெருவு அவர்கள் சொன்னபடி, இனி என் குறிப்புகளில் கார்டோ என்பதைப் பெருந்தெரு என்றே எழுதப்போகிறேன். பாவுகல் அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: சந்தைக்கு முன்னால் உள்ள அந்த உத்திர மூட்டின் படம் இருந்தால் இந்த இழையிலேயே இடுங்கள். தாங்குகல் தூணோடு ஒரே கல்லில் செதுக்கியதா, பிறகு செருகியதா என்று பார்க்க வேண்டும். ஒரே கல் என்றால், தாழ்ந்த வரிசை அங்கே வந்து சேரப்போகிறது என்பது உயர்ந்த தூணைச் செதுக்கியவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.